திருத்தமா, திரும்பப் பெறுதலா, மறுபதிப்பா?

பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் 'பிழை திருத்தம்' என்று ஒரு பக்கம் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு பத்திகள். என்னிடமுள்ள இலக்கண உரை ஒன்றில், முன்பு அதை வைத்திருந்த யாரோ ஒருவர் அந்தத் திருத்தங்களை எல்லாம் உரிய வரிகளில் பென்சிலால் எழுதி, பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் போட்டிருக்கிறார். திருத்தம் தேடி அந்தப் பட்டியலை நான் புரட்டியதே இல்லை. புரட்டத் தேவையும் இருக்கவில்லை.

ஆய்விதழில் வெளியான கட்டுரை தவறு என்று தெரிந்த பிறகு இதழாசிரியர் என்ன செய்யலாம்? திருத்தக் குறிப்பு போடலாம். இந்தக் கட்டுரை செல்லாது என்று அறிவித்துத் திரும்பப் பெறலாம். திரும்பப் பெற்று, சரிசெய்த வடிவத்தை மறுபடியும் வெளியிடலாம். ஒன்றும் செய்யாமல், மறுப்புக் கட்டுரைகள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் செய்யலாம். எது சிறந்தது என்பதற்கு என் அளவுகோல் அந்தப் பென்சில்தான்: திருத்தம் படிப்பவரின் கண்ணில், உரிய வரியில், படுகிறதா?

திருத்தக் குறிப்பிலிருந்து தொடங்கலாம். 2010-இல் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், அரசுக் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடுகிறது என்று எழுதினார்கள். அப்படிப்பட்ட காலங்களின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்பது அவர்கள் கணக்கு. சிக்கன நடவடிக்கைகளை வற்புறுத்திய அரசியல்வாதிகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தக் கட்டுரையைத் தூக்கிப் பிடித்தார்கள். மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார், விடை வரவில்லை. ஆசிரியர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டார், அவர்களும் அனுப்பிவைத்தார்கள். சராசரி எடுக்கும் சூத்திரம் 30-ஆம் வரியில் தொடங்கி 49 வரை போக வேண்டும், 44-லேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் கணக்கில் சேரவே இல்லை.

பலரும் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த எக்செல் சறுக்கலின் பங்கு சிறியதுதான். போருக்குப் பிந்தைய நியூசிலாந்தின் சில ஆண்டுகள் விடுபட்டிருந்தன. அந்த நாட்டின் ஒரே ஒரு மோசமான ஆண்டுக்கு, பிரிட்டனின் 19 ஆண்டுகளுக்கு நிகரான எடை தரப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்தால் சராசரி 2.2 சதவீதம் என்று ஹெர்ண்டனும் அவருடைய இரு பேராசிரியர்களும் 2013-இல் காட்டினார்கள். மூல ஆசிரியர்கள் எக்செல் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டார்கள், மற்றவற்றை ஏற்கவில்லை. கட்டுரை திரும்பப் பெறப்படவில்லை.

திருத்தக் குறிப்பின் பலவீனம் இதுதான். ஆசிரியர் ஒப்புக்கொண்ட பிழை மட்டுமே அதற்குள் வரும். அட்டவணையில் ஓர் எண், படத்தில் ஒரு பெயர் என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. முடிவையே தாங்கும் தூண் ஆடும்போது, ஒரு செங்கல்லுக்குச் சுண்ணாம்பு பூசிய கதையாகிவிடும்.

அடுத்தது திரும்பப் பெறுதல். 1998 பிப்ரவரியில் லான்செட் இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சகாக்களும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட இடம்கொடுத்தது. 2004-இல் இணை ஆசிரியர்கள் பத்துப் பேர், கட்டுரைக்குக் கொடுத்த விளக்கத்தை மட்டும் திரும்பப் பெற்றார்கள். தரவு அப்படியே நின்றது. முழுக் கட்டுரையையும் லான்செட் திரும்பப் பெற்றது 2010 பிப்ரவரியில். பாதியை மட்டும் திரும்பப் பெறும் இந்த இடைவழி எனக்கு அறவே பிடிக்காது. கறிக்குழம்பிலிருந்து கறியை எடுத்துவிட்டுச் சைவம் என்று பரிமாறுவது போன்றது. தரவிலேயே சந்தேகம் என்றால் முழுமையாகத் திரும்பப் பெறுவதற்கு மாற்றே இல்லை.

சிக்கல் நேர்மையான பிழையில்தான் வருகிறது. 2018-இல் வேதியியல் நோபல் பெற்ற ஃபிரான்சஸ் அர்னால்டு, 2019-இல் சயன்ஸ் இதழில் வெளியான தம் குழுவின் நொதி ஆய்வை 2020 ஜனவரியில் திரும்பப் பெற்றார். சோதனையைத் திரும்பச் செய்தபோது முடிவு வரவில்லை. ஆய்வகக் குறிப்பேட்டில் சில பதிவுகளும் மூலத் தரவும் இல்லை. அப்போது வேலை நெருக்கடி, என் கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்று தாமே வெளிப்படையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பாராட்டுகள் குவிந்தன. ஆனால் நோபல் கையில் இருப்பவருக்குக் கிடைக்கும் பாராட்டு, ஒப்பந்த வேலையில் இருக்கும் இளம் ஆய்வாளருக்குக் கிடைக்குமா? வேக்ஃபீல்டு கட்டுரையின் மேல் விழுந்த அதே முத்திரைதான் அர்னால்டின் கட்டுரை மேலும் விழுகிறது. காரணத்தைச் சொல்லும் குறிப்பு தனியே, சில சமயம் இரண்டே வரியில், இருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

மறுப்புக்கு விட்டுவிடும் வழிக்கு நல்ல உதாரணம் கலிஃபோர்னியாவின் மோனோ ஏரிப் பாக்டீரியா. பாஸ்பரஸுக்குப் பதிலாக ஆர்செனிக்கைக் கொண்டு அது வளர்கிறது என்று சயன்ஸ் இதழில் வந்த கட்டுரைக்காக 2010 டிசம்பரில் நாசா செய்தியாளர் கூட்டமே நடத்தியது. 2012-இல் அதே சயன்ஸ் இதழ் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள் அதை மறுத்தன. துறைக்குள் விஷயம் முடிந்துபோயிற்று. ஆனாலும் 2025 ஜூலையில், மோசடி எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டே, சயன்ஸ் அதைத் திரும்பப் பெற்றது. ஆசிரியர்கள் சம்மதிக்கவில்லை. எனக்கு இதில் ஆசிரியர்கள் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. தவறாகப் போன ஆய்வு அறிவியலின் அன்றாடம். அதற்கும் மோசடிக்கும் ஒரே சொல் என்றால், சொல்லைத்தான் மாற்ற வேண்டும். அதே சமயம், வெளியிலிருந்து வந்து 2010 கட்டுரையை மட்டும் தரவிறக்கிப் படிக்கும் மாணவருக்கு அந்த மறுப்புகள் இருப்பதே தெரியாது என்பதையும் மறுக்க முடியாது.

நடுவில் 'ஐயக் குறிப்பு' என்று ஒன்றும் உண்டு. விசாரணை நடக்கிறது, ஜாக்கிரதை என்ற பலகை. 2020-இல் சர்ஜிஸ்பியர் நிறுவனத் தரவை வைத்து லான்செட் மே 22 அன்று வெளியிட்ட, கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றிய கட்டுரைக்கு ஜூன் 3-இல் பலகை மாட்டினார்கள், மறுநாளே கட்டுரை போயிற்று. அது நல்ல பயன்பாடு. ஆண்டுக்கணக்கில் தொங்கும் பலகைகளால் யாருக்கும் பயனில்லை.

என் ஓட்டு, திரும்பப் பெற்று மறுபடியும் வெளியிடும் அந்த மூன்றாவது வழிக்கு. ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து நடந்த 'பிரெடிமெட்' ஆய்வு, ஆலிவ் எண்ணெயோ பருப்புக் கொட்டைகளோ சேர்ந்த மத்தியதரைக்கடல் உணவு இதயநோயையும் பக்கவாதத்தையும் குறைக்கிறது என்று 2013-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. யாருக்கு எந்த உணவு என்பது குலுக்கல் முறையில் முடிவாக வேண்டும். 2017-இல் பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர் ஜான் கார்லைல் ஆயிரக்கணக்கான மருத்துவ ஆய்வுகளின் எண்களைச் சலித்தபோது இதில் குலுக்கல் பிசகியிருக்கலாம் என்று தெரிந்தது. தோண்டிப் பார்த்தால், ஓரிடத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கு இலவச ஆலிவ் எண்ணெய், எங்களுக்கு மட்டும் இல்லையா என்று ஊர்க்காரர்கள் முணுமுணுக்க, அங்கிருந்த ஆய்வாளர் ஊருக்கே ஒரே உணவை ஒதுக்கிவிட்டிருந்தார்! வேறு இடங்களில் ஒரே வீட்டில் இருந்தவர்களைக் குலுக்காமல் ஒரே குழுவில் போட்டிருந்தார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு அந்த ஆய்வாளரின் சங்கடம் புரியும்.

ஆசிரியர்களே மறுகணக்கிட்டார்கள். 2018 ஜூனில் பழைய கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, அன்றே புதியது வந்தது. எண்கள் பெரிதாக மாறவில்லை, வாசகம் மாறியது. உணவு நோயைக் 'குறைத்தது' என்ற அழுத்தம் போய், அந்தக் குழுவில் நோய் 'குறைவாக இருந்தது' என்ற அடக்கம் வந்தது. பிழை எங்கே, யார் செய்தது, முடிவை எவ்வளவு அசைத்தது என எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது. பென்சில் வேலை இதழிலேயே முடிந்துவிட்டது. இதற்கு உழைப்பு அதிகம், தரவு பத்திரமாக இருக்க வேண்டும், ஆசிரியர்கள் உயிரோடும் மனத்தோடும் ஒத்துழைக்க வேண்டும். மோசடிக்கு இந்த வழி பொருந்தவே பொருந்தாது.

இந்தியாவின் தேசிய உயர்கல்வித் தரவரிசை, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு 2025 முதல் மதிப்பெண் குறைக்கிறது. காசு கொடுத்துக் கட்டுரை வாங்கும் கூட்டத்தை மிரட்ட அது தேவைதான். காரணம் பாராமல் தலையெண்ணிக் குறைத்தால், அர்னால்டு செய்ததை நம் ஊர்ப் பேராசிரியர் ஒருவர் செய்ய நினைக்கும்போது துறைத்தலைவரே 'ஒரு திருத்தக் குறிப்போடு விடுங்களேன்' என்பார்.

இதை எழுதும்போது என் கணினியில் தேடினேன். பிரெடிமெட் கட்டுரை இருக்கிறது: 2013-இல் இறக்கிய பழைய கோப்பு, எந்த முத்திரையும் இல்லாமல். அதைப் பார்த்து எடுத்த என் குறிப்பில் 'குறைத்தது' என்றே எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.