சாலிஸ்பரி பேராலயம்: அவசரப் பயணிகளுக்கு உகந்ததன்று

சாலிஸ்பரியில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது, பிரிட்டனின் தேவாலயக் கோபுரங்களிலேயே மிக உயரமான அந்த 123 மீட்டர் கூர்கோபுரத்தைத்தான். ஆனால், என்னை நெடுநேரம் நிற்க வைத்தது, ஏறத்தாழ 1386ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இரும்புக் கடிகாரமே. முகப்பும் முட்களும் இன்றி, கயிற்றில் தொங்கும் கல் எடைகளால் இயங்கி, மணியோசையால் மட்டுமே நேரத்தை அறிவிப்பதற்காகச் செய்யப்பட்ட இயந்திரம் அது.

எண்கோண மண்டபத்தில், இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு விதித்த 1215ஆம் ஆண்டுச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் எஞ்சிய நான்கு மூலப் பிரதிகளுள் ஒன்று உள்ளது. ஒரே தோலில் நெருக்கி எழுதப்பட்ட லத்தீன் வரிகள் என்பதால், விளக்கப் பலகையைப் படித்துவிட்டுப் பார்ப்பது நல்லது. கோபுரத்தில் 332 படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் தாராளமாகத் தவிர்க்கலாம். வரலாற்றுக்கு முந்தைய கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் செல்லும் வழியில் அரைமணி நேரம் மட்டும் ஒதுக்கும் பயணத்திட்டங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்.