மறுதொடக்கமா, கூடுதல் நினைவகமா, லாக் கோப்பா?

காட்பாடியில் விடியற்காலை ரயில்கள் வந்து நின்ற ஒரு மணி நேரத்தில் எங்கள் சர்வருக்கு மூச்சு வாங்கத் தொடங்கும். வேலூரில் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் தங்கும் சில லாட்ஜுகளின் அறைப்பதிவு மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. பெட்டியும் எக்ஸ்ரே உறையுமாக வங்காளத்திலிருந்து வந்த குடும்பம் கவுண்டரில் நிற்கும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடம் கழித்து 504 என்று வரும்; உள்ளிருந்து நேரத்துக்குப் பதில் வரவில்லை என்று அர்த்தம். இன்னும் சற்று நேரத்தில், தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை என்ற செய்தி. "தம்பி, மறுபடியும் படுத்துவிட்டது" என்று மேலாளர் போன் செய்வார்.

இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

முதலாவது, தினமும் அதிகாலை 4 மணிக்கு எல்லாவற்றையும் மறுதொடக்கம் செய்ய ஒரு கிரான் வரி, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை. காசு செலவில்லை, இரண்டு நாள் நிம்மதியும் கிடைத்தது. ஆனால் நெரிசல் 6 மணிக்கு என்றால் 4 மணிக் குளியலால் என்ன பயன்? எங்கள் தரவுத்தளமான மைசீக்வல் நினைவில் சூடாக வைத்திருந்த பக்கங்களில் பெரும்பகுதியும் அதோடு போய், காலையின் முதல் கோரிக்கைகள் வட்டிலிருந்து படிக்க வேண்டியதாகிவிடும். நினைவகக் கசிவு (எடுத்த நினைவகத்தை நிரல் திருப்பித் தராமல் சேர்த்துக்கொண்டே போவது) இருக்கும் இடத்தில் மட்டும் இந்த வைத்தியத்துக்கு நியாயம் உண்டு. அப்போதும் மொத்தமாக நிறுத்த வேண்டியதில்லை. எங்கள் பிஎச்பி நிரலை இயக்கும் பிஎச்பி-எஃப்பிஎம்மில் ‘மேக்ஸ் ரிக்வஸ்ட்ஸ்’ என்ற அமைப்பை 500 என்று வைத்தால், ஒவ்வொரு பணியாளரும் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் செயல்முறை) 500 கோரிக்கை முடித்ததும் ஓய்வு பெற்று, புதியவர் அந்த இடத்துக்கு வருவார். இயல்பு மதிப்பு 0. அதாவது ஓய்வே கிடையாது.

இரண்டாவது, 2 ஜிபி சர்வரை 4 ஜிபி ஆக்குவது. இதில் என் குற்றமும் இருக்கிறது. பணியாளர் எண்ணிக்கை இயல்பாக 5. எல்லை தொட்டுவிட்டதாக லாக்கில் (சர்வர் தன் நடப்புகளை எழுதிவைக்கும் கோப்பில்) எச்சரிக்கை வந்ததும், யோசிக்காமல் 50 ஆக்கினேன். ஒருவருக்கு ஏறத்தாழ 60 எம்பி என்றால் 50 பேருக்கு 3000 எம்பி. 2 ஜிபி வீட்டில் அத்தனை பேரை எங்கே படுக்க வைப்பது? நினைவகம் தீர்ந்ததும், இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல் பெரும்பாலும் அதிகம் தின்பவரைப் பார்த்துத்தான் கொல்லும். எங்கள் சர்வரில் அது மைசீக்வல். கெர்னல் லாக்கில் மரண அறிவிப்பு நேரத்தோடு பதிவாகியிருந்தது. நான்தான் வாரக்கணக்கில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 4 ஜிபிக்கு மாறியதும் சரிவு நின்றது, மந்தம் நிற்கவில்லை. வாடகைதான் கூடியது. கணக்கு எளிது: விநாடிக்கு 4 கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் 8 விநாடி என்றால் எந்த நேரத்திலும் 32 பணியாளர்கள் மாட்டிக்கொண்டிருப்பார்கள். 8 விநாடியை கால் விநாடியாக்கினால் ஒருவர் போதும்.

அந்த 8 விநாடி எங்கே போகிறது? இதைச் சொல்லக்கூடியது மூன்றாவது வழியான லாக் மட்டுமே. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் முதல் நாள் இதுவும் கைவிட்டது. தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகளில் (குவெரி) தாமதமானவற்றைக் குறிக்கும் மைசீக்வலின் மந்தக் குவெரிப் பதிவைத் திறந்தேன். பாலாற்றைப் போல, பெயர் இருந்தது, தண்ணீர் இல்லை. 10 விநாடியைத் தாண்டியதைத்தான் அது இயல்பாகக் குறித்துக்கொள்ளும். நம்முடைய நோயாளிக்கு 8. எல்லையை 1 விநாடியாகக் குறைத்த மறுநாள் காலை ஒரே குவெரி பக்கம் பக்கமாக நின்றது: இன்று காலியான அறைகள் எவை? குவெரியை எப்படி நிறைவேற்றுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் போட்டுப் பார்த்தால் டேபிள் முழுவதையும் வரி வரியாகப் படிக்கிறது. வருகைத் தேதிக்கு இண்டெக்ஸ் (புத்தகத்தின் பொருளடைவு போல, தேட உதவும் பட்டியல்) இருந்தது. ஆனால் அந்தத் தேதி நெடுவரிசையை ‘டேட்’ என்ற சார்புக்குள் போட்டு ஒப்பிட்டிருந்ததால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. ‘இன்று 0 மணி முதல் நாளை 0 மணிக்குள்’ என்று வரம்பாக மாற்றி எழுதினேன். இரண்டே வரி.

லாக்கிலும் இரண்டு வகை உண்டு. மைசீக்வல் பதிவு தன் வீட்டுக் கதையை மட்டும் சொல்லும். எஃப்பிஎம்மின் மந்தப் பதிவோ பிஎச்பி எந்தக் கோப்பில், எந்த வரியில் நின்றுகொண்டிருந்தது என்பதையே காட்டும். குறுஞ்செய்தி அனுப்பும் வெளிச் சேவைக்காக எங்கள் நிரல் கால எல்லையே இல்லாமல் காத்திருந்ததை அதுதான் பிடித்துக் கொடுத்தது. ஒன்றைத்தான் திறக்க முடியும் என்றால் நான் எஃப்பிஎம் பதிவைத் திறப்பேன். (பிஎச்பியின் 30 விநாடி செயல்பாட்டு எல்லை காப்பாற்றும் என்று நம்பியிருந்தேன். லினக்ஸில் அந்த எல்லை தரவுத்தளத்துக்கோ வெளிச் சேவைக்கோ காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.)

இப்போது பழைய 2 ஜிபிக்கே திரும்பிவிட்டோம். பணியாளர்கள் 12 பேர். 4 மணிக் கிரான் வரியை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. முன்னால் ஒரு # போட்டு, ஓடாமல் தடுத்து வைத்திருக்கிறேன்.