புரூஃப் நாணயமா, சாதாரணச் சவரனா?

2014-இல் பிரிட்டனின் நாணயச்சாலையான ராயல் மின்ட்டிலிருந்து ஒரு புரூஃப் சவரன் வாங்கினேன். சவரன் பிரிட்டனின் தங்க நாணயம்; சேகரிப்பவர்களுக்கென்று தனிப் பளபளப்போடு அடிப்பது புரூஃப். அதே பணத்துக்கு அன்று சாதாரணச் சவரன் ஏறக்குறைய இரண்டு கிடைத்திருக்கும். போன மாதம் அதை விற்றுவிட்டேன். மகளுக்காக மறுபடி கொஞ்சம் தங்கம் வாங்க வேண்டியிருந்தது. இந்த முறை ஆசை இன்னும் பெரியது: ஐந்து சவரன் எடையுள்ள புரூஃப் நாணயம். ஒரு வாரம் தூக்கம் கெட்டபின் எடுத்த முடிவு இது.

இரண்டிலும் தங்கம் ஒன்றுதான். 22 காரட், ஒரு சவரனுக்கு 7.98 கிராம் எடை, அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். நம் ஊர் நகைக்கடையில் எட்டு கிராமைச் 'சவரன்' என்று சொல்வதும் இந்த நாணயத்தின் பெயரால்தான். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு மூலதன ஆதாய வரியும் இரண்டுக்கும் கிடையாது. நாட்டின் செலாவணி என்பதால் விலக்கு. தங்கக் கட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. வரி விலக்கு வரம்பு ஆண்டுக்கு 3,000 பவுண்டாகச் சுருங்கிவிட்ட பிறகு இது சின்ன விஷயமில்லை.

அழகில் புரூஃப்தான் ஒரு படி மேல், மறுக்க மாட்டேன். கண்ணாடிபோலப் பளபளக்கும் தளம்; அதன்மேல் பனி படிந்தாற்போல புனித ஜார்ஜும் குதிரையும். 1817-இல் பிஸ்ட்ருச்சி என்ற சிற்பி செதுக்கிய உருவத்தை அதில் பார்த்தால்தான் பார்த்ததாக அர்த்தம். ஆனால் ஒரு விரல் ரேகை பட்டால் போயிற்று. பத்து வருடமும் அது பிளாஸ்டிக் கூட்டுக்குள்தான் இருந்தது. ஒரு முறைகூட உள்ளங்கையில் வைத்துப் பார்க்கவில்லை.

முடிவைத் தீர்மானித்தது விற்கப் போன நாள். மரப்பெட்டி, சான்றிதழ், மேலட்டை எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்தார், சான்றிதழைப் படிக்காமலே ஓரமாக வைத்தார், கூட்டோடு நாணயத்தை வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்பினார். பிறகு அன்றைய தங்க விலையைக் கணக்கிட்டு ஒரு தொகை சொன்னார். சாதாரணச் சவரனுக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினேன், பெரிய வித்தியாசமில்லை.

நஷ்டம் என்று சொல்ல முடியாது. வாங்கியதைவிட நல்ல விலைக்குத்தான் போனது. ஆனால் அந்த லாபம் தங்கம் ஏறியதால் வந்தது. வேலைப்பாட்டுக்கும் பெட்டிக்கும் கொடுத்த பணம் ஏறவுமில்லை, திரும்பவுமில்லை. நகைக்குக் கொடுத்த செய்கூலி விற்கும்போது வருமா? அதே கதை. அன்றைக்கே இரண்டு சாதாரணச் சவரன் வாங்கியிருந்தால் கையில் வந்திருக்கும் தொகை கிட்டத்தட்ட இரட்டிப்பு.

'யூனாவும் சிங்கமும்' என்ற புரூஃப் நாணயம் ஞாபகமில்லையா என்று கேட்பீர்கள். வில்லியம் வயன் 1839-இல் செய்த வடிவத்தை 2019-இல் ராயல் மின்ட் மீண்டும் வெளியிட்டது. ஏலங்களில் அதன் விலை எங்கோ போய்விட்டது. 1989-இல் சவரனின் 500-ஆம் ஆண்டுக்கு வந்த புரூஃபும் தங்க விலையைவிட வெகு மேலே நிற்கிறது. உண்மைதான். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் வரும் வெளியீடுகளில் அடுத்த யூனா எது என்று முன்கூட்டிச் சொல்லும் கண் எனக்கில்லை. ஏலத்தில் விற்ற அனுபவமும் இல்லை. அங்கே பொறுமையாகக் காத்திருந்து விற்பவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம்.

ராயல் மின்ட்டின் இன்னொரு தங்க நாணயமான பிரிட்டானியாவையும் யோசித்தேன். 2013 முதல் ஆயிரத்துக்கு 999.9 பங்கு சுத்தம், ஒரு அவுன்ஸ் நாணயத்தில் கிராம் கணக்குக்குக் கூடுதல் விலை சற்றுக் குறைவு. ஒரே குறை, ஒரு அவுன்ஸை அரையாக உடைத்து விற்க முடியாது. நான்கு சவரனில் 29.3 கிராம் தங்கம், ஏறக்குறைய அதே அளவு. அவசரத்துக்கு ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு மூன்றை வைத்துக்கொள்ளலாம். செம்பு கலந்திருப்பதால் எளிதில் கீறலும் விழாது. மகள் எடுத்துக் கையில் உருட்டுகிறாள், நான் தடுப்பதில்லை.

ஆக, நான்கு சாதாரணச் சவரன். ஆண்டு எதுவானாலும் சரி என்று சொன்னதால் பழையதும் புதியதும் கலந்து வந்தன. மூன்றில் எலிசபெத், ஒன்றில் ஐந்தாம் ஜார்ஜ். அந்த ஒன்றின் ஆண்டு 1918. பம்பாய் அக்கசாலையில் சவரன் அடித்தது அந்த ஒரே ஆண்டில்தான். அங்கே அடித்ததில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய், ஆண்டுக்கு மேலே, குதிரையின் காலடியில் உள்ள தரைக்கோட்டில் தேடினேன். 'பி' என்றிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் அக்கசாலை.