நத்தாருக்கு எது: ரிச் கேக்கா, பட்டர் கேக்கா, பயத்தம் பணியாரமா?

மார்கழியில் நத்தார் (கிறிஸ்மஸ்) நெருங்கினால் யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர், இளவாலைப் பக்கத்துக் குசினிகளில் ஒரே வாக்குவாதம்தான்: இந்த முறை நத்தாருக்கு என்ன செய்வது? மூன்றையும் செய்யலாம். ஆனால் அப்படிச் செய்கிற வீட்டில் நள்ளிரவுப் பூசைக்குப் போகும் அம்மா, பிரசங்கம் முடியும்வரை தூங்கி வழிவார்.

ரிச் கேக்கில் கோதுமை மாவுக்கு வேலை இல்லை. ரவையை வறுத்துப் பட்டரோடு சேர்ப்பார்கள். முட்டையில் மஞ்சள் கரு கூட, வெள்ளைக் கரு குறைவு. உண்மையான பாடு அடிப்பதில் இல்லை, வெட்டுவதில்தான். பிளம்ஸ், செரி, இஞ்சிப் பாகு, கஜு எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிப் பிராண்டி ஊற்றி மூடிவைக்க வேண்டும். இதற்குப் போடும் பூசணி அல்வாவைத் (சீனிப்பாகில் ஊறிய பூசணித் துண்டு) தொட்டால் கத்தி பிசுபிசுவென்று ஒட்டும். வெந்நீரில் தோய்த்துத் தோய்த்துத்தான் வெட்டலாம். துண்டுகள் பெரிதாக இருந்தால் கேக்கை வெட்டும்போது உதிர்ந்துவிடும். தட்டில் பத்திரிகைத் தாளை ஐந்தாறு மடிப்பாக அடுக்கி, மேலே பட்டர் பூசிய தாள் விரித்து, மெல்லிய சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விட வேண்டும். செலவைக் கேட்கவே வேண்டாம், அதுவும் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு. ஆனால் வாரக்கணக்கில் இருக்கும், இருக்க இருக்க ருசி ஏறும். கனடாவுக்கோ லண்டனுக்கோ போகிறவர் கையில் கொடுத்துவிட இதைப் போல வேறில்லை.

பட்டர் கேக் கணக்குச் சுலபம். பட்டர், சீனி, மா ஒவ்வொன்றும் 500 கிராம், முட்டை 10. பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும். 1990இல் போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகு, பட்டருக்குப் பதில் மாஜரீனைப் போட்டு, பாத்திரத்துக்கு மேலும் கீழும் சிரட்டைக்கரித் தணல் வைத்து இதைச் சுட்ட வீடுகள் உண்டு. வெதுப்பகப் போறணையில் கொடுத்துச் சுடுவித்தவர்களும் உண்டு. அந்த மரியாதை அதற்கு என்றைக்கும் இருக்கும். என்றாலும் இன்றைக்குச் சந்திக்குச் சந்தி கிடைக்கிற கேக் அது; நாலைந்து நாளில் காய்ந்தும் போகும்.

பயத்தம் பணியாரத்துக்கு ஓவனும் வேண்டாம், பிராண்டியும் வேண்டாம். ஆனால் ஆள் வேண்டும். பயறை வறுத்துக் கோது நீக்கி மாவாக்கி, வறுத்த தேங்காய்ப்பூ, மிளகு, சீரகம், ஏலக்காய் சேர்த்துச் சர்க்கரைப் பாகில் குழைக்க வேண்டும். உருட்டுவது சூடு ஆறுமுன். ஆறினால் மா கையில் நிற்காது, அதனால் இரண்டு பேர் உருட்ட ஒருவர் தாச்சியடியில் நிற்பார். உருண்டைகளைத் தோய்த்துப் பொரிக்கத் தேங்காய்ப்பாலில் கரைத்த மேல்மா தடித்தால் தோல் மாதிரி இருக்கும். தண்ணியாகிப் போனால் உள்மா எண்ணெயில் கரைந்து தாச்சி முழுக்கக் கறுப்பு. மார்கழி நமக்கு மழைக்காலம். முறுக்கும் சிப்பிப் பலகாரமும் ஈரக்காற்றில் நமத்துப் போகும். மொறுமொறுப்பை நம்பாத பணியாரத்துக்கு அந்தப் பயம் இல்லை. அரியதரமும் (அதிரசம்) நல்லதுதான், ஆனால் பாகுப் பதம் தெரிந்த கை ஒன்று வீட்டில் இருக்க வேண்டும்.

எனக்கு இதில் முடிவைச் சொல்லித் தருவது அயலட்டைதான். சில ஆண்டுகளில் நத்தார், சைவர்கள் விரதம் இருக்கும் திருவெம்பாவைக்குள் விழுந்துவிடும். கேக் தட்டோடு படலையைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சைவ மாமி, "பிள்ளை, இதுக்குள்ள முட்டை போட்டதோ?" என்பார். போட்டதுதான். பிள்ளைகளுக்கு என்று வாங்கி வைப்பார், தான் வாயில் வைக்கமாட்டார். பணியாரம் என்றால் கேள்வியே இல்லை. நின்ற நிலையிலேயே ஒன்றைக் கடித்துவிட்டு மிளகு காணாது என்று குறையும் சொல்வார். தட்டு கொடுப்பதன் சுகமே அதுதானே!

ஆகவே ஒன்றுதான் முடியும் என்றால் பணியாரம். கைச்செலவும் நேரமும் இருந்தால், பழங்களை முன்கூட்டியே ஊறவைத்துச் சின்னதாக ஒரு ரிச் கேக், சிறு துண்டுகளாக வெட்டித் தாளில் சுற்றி. பட்டர் கேக்கை ஜனவரி 1க்கு அடிக்கலாம். அன்றைக்கும் வீட்டுக்கு ஆட்கள் வரத்தானே போகிறார்கள்.