வீட்டுத் தையலா, அரைநாள் கணக்கு வேலையா?

சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே மூன்று ஆண்டுகள் ஜாக்கெட் தைத்தேன். கடந்த ஓராண்டாக மண்ணடியில் ஓர் இரும்புச் சாமான் கடையில் காலை பத்து மணி முதல் இரண்டு மணி வரை டேலி என்னும் கணக்கு மென்பொருளில் கணக்கு ஏற்றுகிறேன். என் மகனுக்கு ஒன்பது வயது. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு. சிறப்புப் பள்ளி இரண்டரை மணிக்கு விடும். இரண்டையும் செய்து பார்த்தவள் என்ற முறையில், என்னைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு அரைநாள் வேலையையே நான் பரிந்துரைப்பேன்.

வருமானம் ஏறத்தாழ ஒன்றுதான். மாநில அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும், தெரபி உட்பட மருத்துவச் செலவுகளை ஆண்டுக்கு மொத்தம் ஒரு லட்சம் ரூபாய் வரை ஏற்கும் மத்திய அரசின் நிராமயா காப்பீடும் எந்த வேலையில் இருந்தாலும் கிடைப்பவை என்பதால், அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

வீட்டில் இருந்தால் பிள்ளை கண்ணெதிரே இருப்பான் என்பார்கள். உண்மைதான், மிஷினும் அவன் கண்ணெதிரேதான் இருக்கும். சுழலும் எதையும் விடாமல் பார்க்கும் என் மகன், மிஷின் சக்கரத்தில் உள்ளங்கையை வைத்து அது உரசி நிற்கும் அந்தக் கணத்துக்காகவே அருகில் வந்து உட்காருவான். ஊசியில் அவன் விரல் மாட்டிவிடுமோ என்று அஞ்சி மோட்டாரைக் கழற்றிவிட்டு மறுபடியும் காலால் மிதிக்கத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு நான்கு லைனிங் ஜாக்கெட் முடிந்த இடத்தில் இரண்டு முடிவதே பெரும்பாடாயிற்று.

ஆனாலும் நான் தையலை விட்டதற்குக் காரணம் வேறு. இப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்குக் கெட்ட நாள் என்று ஒன்று வரும்: இரவு முழுவதும் அவன் உறங்கியிருக்க மாட்டான், விடிந்ததும் கையைக் கடித்துக்கொள்வான், அன்று எந்த வேலையும் நடக்காது. அந்த நாள் வராமல் தடுக்க யாராலும் இயலாது. அது போன பிறகு எவ்வளவு பாக்கி வைத்துவிட்டுப் போகிறது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். தையலில் அந்தப் பாக்கி அப்படியே நம் தலையில் விழும். ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை பக்கத்துத் தெரு அக்கா வந்து, "என்னம்மா, விடிஞ்சா கல்யாணம், இன்னும் கொக்கிகூட வைக்கலையே" என்று நின்றபோது, அவனை ஒரு காலால் தொட்டிலைப் போல ஆட்டிக்கொண்டே இரவு இரண்டு மணி வரை எம்மிங் செய்தேன். மறுநாள் என் தூக்கமின்மையும் அவன் தூக்கமின்மையும் சேர்ந்துகொண்டன. ஒரு கெட்ட நாள் மூன்று நாளாக நீண்டது.

கடையில் அப்படியில்லை. 7,500 ரூபாய் சம்பளத்தில் ஒரு நாளுக்கு 300 பிடித்தம், அத்தோடு முடிந்தது. அன்றைய பில்களை முதலாளியின் தம்பி ஏற்றிவிடுவார், இல்லையெனில் மறுநாள் அரைமணி கூடுதலாக உட்கார்ந்து நான் ஏற்றுவேன். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் மண்ணடியிலிருந்து தண்டையார்பேட்டை மெட்ரோவில் மூன்றாவது நிலையம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பேருந்தில் சிக்கிக்கொள்ளும் கவலை இல்லை. 2021-இல் விம்கோ நகர் வரை ரயில் நீண்டிருக்காவிட்டால் இந்த வேலையை நான் ஏற்றிருக்கவே மாட்டேன்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இதற்கு முன் சேர்ந்த வேறொரு கடையில் மகனைப் பற்றிச் சொல்லாமல் சேர்ந்தேன். ஒரே மாதத்தில் நான்கு நாள் வராததால் நிறுத்திவிட்டார்கள். இம்முறை முதல் நாளே, மாதத்தில் மூன்று நாள் வரை வர இயலாமல் போகலாம், சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தேன். அதற்கு ஒப்பாத இடம் எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் வேண்டாம்.

படுக்கையிலேயே இருக்கும் பிள்ளையோ, அடிக்கடி வலிப்பு வரும் பிள்ளையோ வீட்டில் இருந்தால் என் அனுபவம் அங்கே செல்லாது; வீட்டுத் தையலே அவர்களுக்கு ஏற்றதாக இருக்கக்கூடும். கணினியில் வீட்டிலிருந்தே செய்யும் வேலையை நான் செய்து பார்த்ததில்லை. மே மாத விடுமுறையையும் இந்த வேலையில் ஒரு முறைதான் கடந்திருக்கிறேன். மாமியார் ஊரிலிருந்து வந்து இருந்ததால் சமாளித்தேன், அடுத்த மே மாதம் அவர் முழங்கால் இடம் கொடுக்குமா என்று தெரியவில்லை. அதனால்தான் மிஷினை விற்காமல் வைத்திருக்கிறேன். ஜாக்கெட் ஒப்புக்கொள்வதில்லை; அவசரமில்லை என்று சொல்பவர்களின் புடவைக்கு ஃபால்ஸ் மட்டும், அவன் உறங்கிய பிறகு.