பட்டன் வைத்தது கம்பெனி, பில் யாருக்கு? நான்கு வாரன்டிகள் ஒரு பார்வை

நிசான் ஜிடி-ஆர் ஆர்35 காரின் டேஷ்போர்டு நடுவில் மூன்று சுவிட்ச் வரிசையாக இருக்கும். கியர்பாக்ஸுக்கு ஒன்று, சஸ்பென்ஷனுக்கு ஒன்று, கார் வழுக்காமல் காக்கும் விடிசி எனப்படும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலுக்கு ஒன்று. 2008-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த வண்டியில் முதல் இரண்டை ‘ஆர்’ (ரேஸ்) நிலைக்குத் தள்ளி, மூன்றாவதை அணைத்து, பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தால் என்ஜின் சுமார் 4,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) நிற்கும். பிரேக்கை விட்டதும் வண்டி பாயும். இதுதான் லாஞ்ச் கன்ட்ரோல். விடிசியை அணைத்து ஓட்டியதால் வரும் சேதத்துக்கு வாரன்டி இல்லை, சேற்றிலோ பனியிலோ மாட்டிக்கொண்டால் மட்டும் அணைக்கலாம் என்று எச்சரிக்கும் கையேடும் அதே வண்டியோடுதான் வந்தது.

நாம் வாங்குவது காரை மட்டுமல்ல, அதோடு வரும் வாரன்டி புத்தகத்தையும்தான். ஸ்போர்ட்ஸ் காரில் அந்தப் புத்தகத்துக்கு என்ன மதிப்பு என்று நான்கு கம்பெனிகளை வைத்துப் பார்க்கலாம்.

நிசானிலிருந்தே தொடங்குவோம். ஜிடி-ஆரின் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் என்ஜினோடு ஒட்டி இல்லை, பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிறது. முன்னாலிருந்து ஒரு ஷாஃப்ட் சக்தியை அங்கே கொண்டுபோகும், இன்னொரு ஷாஃப்ட் அதில் ஒரு பங்கை முன் சக்கரங்களுக்குத் திருப்பி எடுத்துவரும். பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள காரில் வேகமாகப் புறப்பட்டால் டயர் சுழன்று புகை கிளம்பும். வீட்டு மின்பெட்டியில் ஃபியூஸ் போகிற மாதிரி, அதிர்ச்சி அங்கேயே செலவாகிவிடும். நான்கு சக்கரமும் இழுக்க, அகலமான டயர் ரோட்டைக் கவ்வ, சுமார் 1,740 கிலோ வண்டியை 4,500 ஆர்பிஎம்மில் அவிழ்த்துவிட்டால் டயர் வழுக்காது. அந்த அடி முழுவதும் கிளட்ச் பேக்கிலும் முதல் கியரின் பற்களிலும் போய் விழும். பல் உடைந்தால் அந்தக் கியரை மட்டும் மாற்றித் தரவில்லை, முழு யூனிட்டாகத்தான் மாற்றினார்கள். செலவு சுமார் 20,000 டாலர் என்று அப்போது பேசப்பட்டது.

பிறகு நிசான் புது மென்பொருள் கொடுத்தது. லாஞ்ச் ஆர்பிஎம் 3,000 அளவுக்கு இறங்கியது, பழைய வண்டிகளிலும் அதை ஏற்றிக்கொள்ள முடிந்தது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மென்பொருளைத் திருத்தி உடைசலைக் குறைக்க முடியும் என்றால், தவறு ஓட்டியவர் காலில் மட்டும் இருக்கவில்லை. பட்டனையும் வைத்துவிட்டு, அதைத் தொட்டால் பொறுப்பில்லை என்று எழுதியதை நியாயமான வாரன்டி என்று சொல்ல முடியாது. ஜப்பானில் இதே கம்பெனி வேறு வழியில் போனது. அங்கே மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாத கட்டுப்பாட்டை, கார் அங்கீகரிக்கப்பட்ட சர்க்யூட்டில் இருப்பதை ஜிபிஎஸ் உறுதிசெய்த பிறகு நீக்கலாம். அதன்பின் நிசானின் ஹை பெர்ஃபார்மன்ஸ் சென்டரில் காசு கட்டிச் சோதனை செய்துகொண்டால் வாரன்டி தொடரும். செலவுதான், ஆனாலும் விதி என்னவென்று முன்கூட்டியே தெரியும்.

ஆஸ்திரேலியாவில் 2018-ல் வந்த ஹூண்டாய் ஐ30 என் காரின் வாரன்டிதான் இந்த நான்கில் சிறந்தது. 5 வருஷம், கிலோமீட்டருக்கு உச்சவரம்பு இல்லை. நேரம் அளக்காத, போட்டியில்லாத டிராக் டே ஓட்டம் (சொந்தக் காரை பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்ப்பது) வாரன்டிக்குள்தான் வரும் என்று கம்பெனியே வெளிப்படையாகச் சொன்னது. டிராக்குக்கான டயர் போட்டிருந்தாலும் பரவாயில்லை. பந்தயம், ஸ்டாப்வாட்ச் வைத்த ஓட்டம், என்ஜின் டியூன் மாற்றம் (மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) ஆகிய மூன்றுக்கும் கிடையாது. பிரேக் பேட், டிஸ்க், டயர் எல்லாம் தேய்மானம் என்பதால் உங்கள் செலவு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 202 கிலோவாட் சக்தியுள்ள காரை விற்கும்போதே வாங்குகிறவர் என்ன செய்வார் என்று யோசித்து எழுதிய புத்தகம் இது. ஆனால் நேர அளவு விஷயத்தில் ஜாக்கிரதை. கண்ணாடியில் ஒட்டிய போனில் லேப் டைமர் ஓடும் வீடியோவை வலையில் போட்டால், வலியப் போய் சாட்சி சொன்ன மாதிரி.

சாட்சி என்றதும் டொயோட்டா ஜிஆர்86 ஞாபகம் வருகிறது. சுபாரு செய்யும் 2.4 லிட்டர் பாக்ஸர் என்ஜின். என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பை கேஸ்கெட் வைத்து மூடுவதில்லை, பிழிந்து பூசும் சீலன்ட்டால் ஒட்டுகிறார்கள். பூச்சு அதிகமானால் உள்பக்கம் பிதுங்கி, சின்னச் சின்ன துணுக்காக உதிர்ந்து, ஆயிலை உறிஞ்சும் குழாயின் வலையில் போய்ச் சிக்கும். வலை அடைபட்டால் பேரிங்குக்கு ஆயில் குறையும். பேரிங் போனால் என்ஜின் போச்சு. 2022-ல் அமெரிக்காவில் இப்படி ஒரு என்ஜின் கெட்டபோது, உரிமையாளர் காரை டிரிஃப்ட் செய்த (வேண்டுமென்றே டயரை வழுக்கவிட்டு ஓட்டிய) படத்தைக் காட்டி முதலில் வாரன்டியை மறுத்தார்கள். விஷயம் பரவிய பிறகு முடிவு மாறியது. இதில் வேடிக்கை, அந்தக் காரை வாங்கினால் நாசா என்ற மோட்டார் பந்தய சங்கத்தில் ஒரு வருஷ உறுப்பினர் உரிமையும், ஒரு டிராக் நாளும் டொயோட்டாவே இலவசமாகத் தந்தது. (ராக்கெட் விடும் நாசா இல்லை.) வலையில் சீலன்ட் இருக்கிறதா என்று பார்க்காமல் படத்தில் புகை இருக்கிறதா என்று பார்ப்பது பரிசோதனையே இல்லை. பூச்சு அதிகமாக இருந்தால், டிரிஃப்ட் செய்தாலும் செய்யாவிட்டாலும் சீலன்ட் உதிரலாம்.

போர்ஷே இதை எண்ணிக்கையால் தீர்க்கிறது. 911 போன்ற கார்களின் என்ஜின் கம்ப்யூட்டர், அனுமதித்த ஆர்பிஎம்மைத் தாண்டிய ஒவ்வொரு இக்னிஷனையும் (பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி) எண்ணி வைக்கும். 911-ன் 997 தலைமுறையின் பிற்பாதி மாடல்களிலிருந்து, எவ்வளவு தாண்டியது என்பதைப் பொறுத்து இதற்கு 6 படி உண்டு. கீழ்ப் படிகளில் எண் இருந்தால் பயப்பட வேண்டாம், ஆக்சிலரேட்டரை அழுத்தி, ஆர்பிஎம் எல்லையில் பெட்ரோலை நிறுத்தும் லிமிட்டரைத் தொட்டாலே அது ஏறும். மேல்படிகள் வேறு கதை. மேனுவல் கியரில் ஐந்துக்குப் போக வேண்டியவர் மூன்றில் போட்டுவிட்டால் சக்கரம்தான் என்ஜினைச் சுழற்றும். லிமிட்டர் பெட்ரோலை நிறுத்தலாம், சக்கரத்தை நிறுத்த முடியாது. வால்வு ஸ்பிரிங் தாளம் தப்பி வால்வு பிஸ்டனில் இடிக்கலாம், கனெக்டிங் ராடு போல்ட் இழுபடலாம்.

அந்த எண்ணைப் படிக்க ஒரு சின்னக் கணக்கு: ஆறு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு 3 இக்னிஷன். 8,000 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு 400. ஆகவே 6-ம் படியில் 200 என்று இருந்தால் ஏறக்குறைய அரை வினாடிக் கூத்து. எத்தனையாவது என்ஜின் மணி நேரத்தில் நடந்தது என்பதும் பக்கத்திலேயே இருக்கும். இரண்டாம் கை போர்ஷே வாங்குகிறவர் இந்த அறிக்கையைப் பார்க்காமல் முன்பணம் தரக்கூடாது. வாரன்டியை மறுக்கவும் இதுதான் நேர்மையான ஆதாரம், ஏனென்றால் சேதத்துக்கும் செயலுக்கும் நடுவில் நேரடித் தொடர்பு இருக்கிறது. மறுபக்கமும் உண்டு. 2014-ல் புதிய 911 ஜிடி3 கார்களில் கனெக்டிங் ராடின் திருகு தளர்ந்து தீப்பிடித்தபோது, யார் எப்படி ஓட்டினார் என்று கேட்காமல் 785 கார்களுக்கும் என்ஜினை மாற்றிக் கொடுத்தது போர்ஷே.

ஆக, வேகமாக ஓட்டினால் வாரன்டி போகுமா என்பதே தப்பான கேள்வி. எந்த பாகம், எதனால் போனது என்று கேட்க வேண்டும். டியூன் செய்த காரில் டர்போ வெடித்தால் கம்பெனி கையை விரிப்பது சரி. அதே காரில் ஜன்னல் மோட்டார் நின்றுபோனால் அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அமெரிக்காவின் 1975-ம் ஆண்டு மாக்னுசன்-மாஸ் சட்டமும், வெளிப் பாகம் போட்ட ஒரே காரணத்துக்காக வாரன்டியை ரத்து செய்ய விடுவதில்லை. டியூனை எடுத்துவிட்டு சர்வீஸுக்குப் போகலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று: ஃபோக்ஸ்வாகன், ஆடி டீலர்களின் கணினியில், டியூன் செய்த கார் என்று காட்டும் டிடி1 என்ற ஒரு குறி விழும், அது லேசில் அழியாது.

இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை காரி ஸ்பீட்வேயிலோ ஓட்டப் போகிறவர்கள் வாரன்டி புத்தகத்தில் விலக்குப் பகுதியை மட்டும் முதலில் படியுங்கள். ‘பந்தயம்’ என்று மட்டும் இருக்கிறதா, ‘சர்க்யூட்டில் எந்த ஓட்டமும்’ என்று இருக்கிறதா? இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு என்ஜின் விலை. சர்வீஸ் அட்வைசர் வாயால் சொல்வது செல்லாது, மெயிலில் வாங்குங்கள். போகும் முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். டாட் 4 தரத்துப் புது பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியதும் அந்தத் தரத்தின் எல்லை 155-க்கு இறங்கிவிடும். பிரேக் அடிவரை போய் சுவரில் இடித்தால் எந்த வாரன்டியும் வராது. என்ஜின் ஆயில் மாற்றிய பில்லில் கிலோமீட்டர் எழுதியிருக்க வேண்டும்.

மறுத்தால் சண்டை போடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், காரின் கணினி பதிந்த பழுதுக் குறிகளின் (ஃபால்ட் கோடு) அச்சையும் பழுது வந்த நேரத்துப் பதிவையும் கேளுங்கள், கழற்றிய பாகத்தை வெளியே அனுப்பாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். சம்பைக் கழற்றுவதாக இருந்தால் நீங்கள் பக்கத்தில் நின்று, அந்த வலையைத் துடைப்பதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள்.