குஜெங் வாங்கப் போகிறீர்களா? முதலில் இடப்பக்கத்தை அழுத்திப் பாருங்கள்

குஜெங் என்பது நீண்ட மரப்பெட்டியின்மேல் தந்திகளை இழுத்துக் கட்டிய சீன வாத்தியம். அதை விற்பவர்கள் வலப்பக்கத்தைத்தான் மீட்டிக் காட்டுவார்கள். இருபத்தொரு தந்திகளையும் ஒரே வீச்சில் வருடினால் அருவி கொட்டுவதுபோல ஒலி எழும். மட்டமான வாத்தியத்திலும் எழும். வாத்தியம் தேறுமா என்பது குதிரைகளுக்கு (ஒவ்வொரு தந்திக்கும் அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும் சிறு துண்டுகள்) இடப்பக்கம், யாரும் மீட்டாத அந்தக் கம்பி நீளத்தில்தான் தெரியும். அதனால் இந்த மதிப்பாய்வு இடக்கையின் வேலையை மட்டுமே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. பார்க்கப்போவது இரண்டு அளவுகள்: சீன மாணவர்கள் பொதுவாக வாங்கும் 163 செ.மீ. குஜெங், தூக்கிச் செல்ல வசதி என்று விற்கப்படும் 125 செ.மீ. சிறிய குஜெங்.

வழக்கமான சுருதி டி, நம் கணக்கில் 2 கட்டை. அழுத்தாமல் மீட்டினால் கிடைப்பது ச ரி க ப த, அதாவது மோகனம். நாலு ஸ்தாயிக்கு அதுவே திரும்பத் திரும்ப வரும். பச்சை நிறக் கம்பிகள் பஞ்சமம். மத்யமமும் நிஷாதமும் தந்திகளில் இல்லை, இடக்கைதான் உண்டாக்க வேண்டும். காந்தாரத் தந்தியை அரைஸ்வரம் அழுத்தினால் சுத்த மத்யமம், தைவதத்தை ஒரு முழு ஸ்வரம் அழுத்தினால் காகலி நிஷாதம். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் செய்வதை இங்கே குதிரைக்குப் பின்னால் கீழ்நோக்கி அழுத்திச் செய்கிறார்கள்.

கேட்க எளிது. ஆனால் அரைஸ்வரம் ஏற்றக் கம்பியின் இழுவிசை சுமார் 12 சதவீதம் கூட வேண்டும். முழு ஸ்வரத்துக்கு 26 சதவீதம். அவ்வளவு விசையும் ஆணியால் இறுக்காத, வெறுமனே பலகைமேல் நிற்கும் ஒரு குதிரையின் தலைவழியாகத்தான் வலப்பக்கம் போய்ச் சேர வேண்டும். மலிவு வாத்தியங்கள் சறுக்கும் இடம் இதுதான்.

கடையில் செய்ய வேண்டிய முதல் சோதனை: உங்கள் பக்கத்திலிருந்து ஆறாவது தந்தி (ச). அதன் குதிரையிலிருந்து 15 முதல் 18 செ.மீ. இடப்புறம் தள்ளி, சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மணிக்கட்டை இறுக்காமல் கையின் கனத்தை இறக்கினால் போதும். அழுத்திய நிலையில் மீட்டி, பக்கத்து ஐந்தாவது தந்தியோடு (ரி) ஒப்பிடுங்கள். சுருதி சேர்வதற்குள் விரல்நுனி மேற்பலகையைத் தொட்டால், குதிரைகள் தாழ்வாக இருக்கின்றன அல்லது வரிசை மாறி வைக்கப்பட்டிருக்கின்றன. குதிரைகள் அளவு வாரியாக வருபவை. பெட்டியிலிருந்து எடுத்து மாட்டும்போது குழப்பிவிடுவது சாதாரணம். வரிசையைச் சரிசெய்தும் விரல் பலகையைத் தட்டினால் வேறு வாத்தியம் பாருங்கள்.

அடுத்தது, விட்டால் திரும்புகிறதா என்பது. அதே தந்தியைப் பத்துமுறை அழுத்தி விடுங்கள். சுருதி இறங்கியிருந்தால் பிருடை ஆணியைக் குறை சொல்லாதீர்கள், முதலில் குதிரையைப் பாருங்கள். அழுத்தும்போது கம்பி இடப்புறம் நகரும். தலையிலுள்ள பள்ளம் சொரசொரப்பாக இருந்தால் எஃகு நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் நைலான் அங்கே மாட்டிக்கொண்டு குதிரையின் தலையையும் சேர்த்து இழுக்கும். சாய்ந்த குதிரை ஒருநாள் படாரென்று விழும். பள்ளத்தில் 2பி பென்சிலைத் தேய்த்துக் கரி ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். புதுக் கம்பிகள் முதல் சில வாரம் நீள்வது வேறு விஷயம், அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

பள்ளத்தின் தரத்தை இன்னும் துல்லியமாகக் காட்டுவது சியா ஹுவா யின், அதாவது இறங்கு நெகிழ்வு. முன்கூட்டியே அழுத்தி, மீட்டி, இரண்டு நொடி எடுத்து மெல்ல விட வேண்டும். ஒலி வழுக்கிக்கொண்டு இறங்கினால் நல்லது. நடுவில் ‘டிக்’கென்று ஒரு படி குதித்தால் கம்பி பள்ளத்தில் மாட்டி விடுபடுகிறது என்று பொருள். ஏறு நெகிழ்வில் (ஷாங் ஹுவா யின்: மீட்டிய பிறகு அழுத்துவது) இதே குறை அவ்வளவாகக் காதில் படாது, விற்பவர் அதை மட்டும் வாசித்துக் காட்டினால் நீங்கள் இறங்குவதைக் கேளுங்கள்.

அசைவுகளுக்கு வந்தால், சீனாவின் ஹெனான் மாகாணப் பாணிக்கு அகலமான, வேகமான நடுக்கம் தேவை. தாராளமான கம்பி நீளம் இருந்தால்தான் அது வரும். தென்சீனத்தின் சாவ்ஜோ வட்டாரப் பாணி இன்னும் கறாரானது. அதில் மத்யமம் சற்று ஏறியும் நிஷாதம் சற்று இறங்கியும் நிற்கும். அரைஸ்வரத்துக்கும் குறைவான வித்தியாசத்தை விரல் பிடித்து நிறுத்த வேண்டும்.

125 செ.மீ. வாத்தியம் தோற்பது இங்கேதான். இடப்பக்க நீளம் குறைந்தால் கம்பி கொஞ்சம் இறங்கினாலே சுருதி எகிறிவிடும். நடுக்கம் மிருதுவாக வராமல் வெட்டிவெட்டி வருகிறது. குதிரைகள் சரிவாகப் போவதால் மந்திரத் தந்திகளுக்கு இடப்பக்கம் எப்போதுமே குறைவு. சிறிய அளவில் 15 செ.மீ. தள்ளி விரல் வைக்க இடமே இல்லாத தந்திகள் உண்டு. வலக்கைப் பயிற்சிக்கு, இரண்டாவது வாத்தியமாக வைத்துக்கொள்ளலாம். முதல் வாத்தியமாக இதில் பழகிய கை 163-க்கு மாறும்போது ஒவ்வொரு அழுத்தலும் சுருதிக்குக் கீழேயே நிற்கும். விலை குறைவு என்று மயங்க வேண்டாம்.

163-லும் ஒரு தொல்லை உண்டு, ஆனால் அது வாத்தியத்தின் பிழையன்று. நுண்சுருதி சேர்க்கக் குதிரையை நகர்த்தலாம், வலப்பக்கம் தள்ளினால் சுருதி ஏறும். தொடக்கநிலையினர் பிருடை ஆணியைத் திருப்பும் சாவியைத் தொடப் பயந்து எல்லாவற்றையும் குதிரையாலேயே சரிசெய்கிறார்கள். சில மாதத்தில் வரிசை கோணலாகி, பக்கத்துப் பக்கத்துத் தந்திகளுக்கே வேறுவேறு அழுத்தம் தேவைப்படுகிறது. ஒரு செ.மீ.க்கு மேல் நகர்த்த வேண்டியிருந்தால் ஆணியைத் திருப்புங்கள்.

கூட வரும் பொருட்களில் தாங்கிகளைக் கவனியுங்கள். ஓங்கி அழுத்தும்போது பெட்டி தாங்கியின்மேல் வழுக்கக் கூடாது. ரப்பர் பட்டை இல்லையென்றால் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். மீட்டுவதற்கு விரலில் ஒட்டிக்கொள்ளும் நகங்களும் அவற்றுக்கான ஒட்டுப்பட்டையும் போதுமான தரம்தான். உபரிக் கம்பிகளில் மெல்லியவை, முதல் ஐந்து எண்கள், இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.